மாதவிடாய் வலி: மாணவிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் கிடைக்கிறது, வாரத்துக்கு ஒரு சத்து மாத்திரை தருகிறோம். ஆனால் மாதவிடாய் வலி என்று வந்தால் வீடும் பள்ளியும் சேர்ந்து கைவிரித்துவிடுகின்றன.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாடம் நடக்கும்போதே டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள், மேலுதடெல்லாம் வியர்வை. ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்து வருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். கூட்டிப்போக வந்த அவள் அம்மா, "எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான் டீச்சர், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்றார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இது என்ன பதில்?

மாதவிடாயின்போது கருப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் அதை இறுக்கிச் சுருங்க வைக்கிறது. அது அதிகமானால் வலியோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, தொடைக் கடுப்பு எல்லாம் வரும். அந்தச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. வலி தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால்தான் நன்றாகக் கேட்கும். பல்லைக் கடித்துத் தாங்கிவிட்டு, முடியாதபோது போட்டால் அவ்வளவாகப் பலன் இருக்காது. அதற்காக மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கக் கூடாது. பெண்கள் அதிகம் போடும் மெஃபெனமிக் அமிலம் என்ற வலி மாத்திரை அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்தது. டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் பள்ளியை நிறுத்தும் வலி என்றால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இன்னும் வயதுக்கே வராத பெண்ணுக்கு மாதம் தவறாமல் அடிவயிறு வலித்தால் ரத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

தாய்மார்கள் தயங்குவதற்கு ஒரு காரணம், உள்ளே கைவைத்துச் சோதிப்பார்களோ என்ற பயம். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. விவரம் கேட்பார்கள், வேண்டுமானால் வயிற்றின் மேலே ஸ்கேன் எடுப்பார்கள், அவ்வளவுதான். இதை ஒரு நர்ஸ் பெற்றோர் கூட்டத்தில் வந்து சொன்னாலே பாதிப் பேர் பெண்ணை அழைத்துப் போவார்கள்.

2023-ல் கேரளப் பல்கலைக்கழகங்கள் மாதவிடாயைக் கருதி மாணவிகளுக்கு வருகைப்பதிவில் சலுகை தந்தன. நல்ல காரியம். ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு லீவு மட்டும் கொடுத்தால் அதே வலியோடு வீட்டில் சுருண்டு படுத்திருப்பாள்.

புதிதாக ஒரு திட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருகிறது. வளரிளம் பெண்களிடம் கேட்க வேண்டியவற்றில் மாதவிடாய் வலியும் ஒன்று. பையன்களும் வாத்தியார்களும் நிற்கும் இடத்தில் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? தனி அறையில், பெண் மருத்துவரோ நர்ஸோ ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வலி இருக்கிறது என்பவளை அரசு மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். அவள் போனாளா என்று அடுத்த மாதம் விசாரிக்கும் பொறுப்பை எங்களைப் போன்ற ஆசிரியைகளிடம் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் இந்தக் கல்வியாண்டிலேயே இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்