ஓய்வுக்காலத்தில் வெளிநாடு போய் வாழ நினைக்கும் குமரி மாவட்டப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் ஓய்வு பெற்ற, ஓய்வு பெறப் போகிற டீச்சர்மாரே, அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம்.

குறைந்த செலவில் அழகான ஊரில் வாழலாம் என்று சொல்லும் வீடியோக்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகின்றன. தாய்லாந்தில் சியாங் மாய், மலேசியாவில் பினாங்கு, ஈக்வடாரில் குவெங்கா, போர்ச்சுகலில் ஏதாவது கடலோரச் சிற்றூர். அதைப் பார்த்துவிட்டு, வீட்டையும் ரப்பர் தோட்டத்தையும் விற்றால் போதுமா என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். நான் சியாங் மாயில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பியவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆசை இருந்தால் போய் வாழுங்கள். இங்கே இருப்பதை மட்டும் விற்காதீர்கள்.

அந்த வீடியோக்களில் வரும் கணக்கு டாலரில் பென்ஷன் வாங்குகிறவர் போடும் கணக்கு. சியாங் மாயில் ஒரு படுக்கையறை வீடு 10 ஆயிரம் பாட் (தாய்லாந்துப் பணம்) வாடகைக்குக் கிடைக்கும். அமெரிக்கருக்கு அது சில்லறைக் காசு. நமக்கு 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த வாடகைக்கு நாகர்கோவிலில் முற்றத்தோடு தனி வீடே பிடிக்கலாம்.

வாடகையாவது பரவாயில்லை, விசாவில்தான் மூச்சு முட்டும். தாய்லாந்தில் 50 வயது தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால அனுமதி உண்டு. அதற்கு அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாட் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். இல்லையென்றால் மாத வருமானம் 65 ஆயிரம் பாட் இருக்க வேண்டும், அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்றத் துறைக்கு இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்த அனுமதியில் டியூஷன் எடுத்துக்கூடச் சம்பாதிக்க முடியாது. நிலம் நம் பெயரில் வாங்க முடியாது, அடுக்குமாடி வீடு மட்டும்தான்.

பினாங்கு நமக்குப் பொருத்தமான ஊர் என்றுதான் நானும் நினைக்கிறேன். தமிழ் பேச ஆள் உண்டு, கோயில் உண்டு, தைப்பூசம் உண்டு, நம் ஊர் வெயில், நம் ஊர் மழை. ஆனால் வெளிநாட்டவர் நீண்ட காலம் தங்க மலேசியா வைத்திருக்கும் இரண்டாம் இல்லத் திட்டத்தில், 2024-இல் மாற்றிய விதிப்படி, பினாங்கில் வாழ எடுக்கக்கூடிய அடித்தட்டு வகைக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். அதற்கு மேல் வீடும் வாங்க வேண்டும். பென்ஷனை நம்பி வாழ்கிறவர்களுக்கு அது எட்டாது. போர்ச்சுகல் 2025-இல் கேட்டது மாதம் 870 யூரோ வருமானம், தம்பதிக்கு இன்னும் கூட.

அப்புறம், எந்த வீடியோவும் காட்டாத ஒன்று உண்டு. டிசம்பரில் சியாங் மாய் போனால் தோய் சுத்தேப் மலையைப் பார்த்ததுமே மனசு அங்கேயே தங்கிவிடும். காலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர், சுத்தமான தெரு, தன்மையான மனிதர்கள். அதே ஊருக்கு மார்ச்சில் போய்ப் பாருங்கள். காட்டுத் தீயும் மக்காச்சோளத் தட்டை எரிக்கும் புகையும் சேர்ந்து ஊரை மூடிவிடும். சுற்றிலும் மலை என்பதால் புகை வெளியேற வழியில்லை. உலகிலேயே மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் சில நாட்கள் முதலிடத்துக்கே போய்விடும். முடிந்தவர்கள் தெற்கே கடற்கரைக்குப் போய்விடுவார்கள். முடியாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மழைக்குக் காத்திருப்பார்கள். முட்டத்துக் கடற்காற்றில் வாழ்ந்த நுரையீரல், அதுவும் 65 வயதில், இழுப்பு நோய் இருந்தால், அதைத் தாங்காது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் வயதை நினைத்தால் எனக்கு மருத்துவம்தான் பெரிய கவலை. அரசு ஓய்வூதியருக்கான காப்பீடு இங்குள்ள பட்டியல் மருத்துவமனைகளில்தான் செல்லும். வெளிநாட்டில் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், 70 வயதை நெருங்க நெருங்க பிரீமியம் ஏறும், இருக்கிற சர்க்கரை நோயை ஒதுக்கிவைத்துவிடுவார்கள். பணம் அனுப்புவதிலும் ஒரு விஷயம்: ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், ஆனால் இப்படி வாழ்க்கைச் செலவுக்கு அனுப்புவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 20 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டலாம், அதுவரை கைப்பணம் முடங்கும். பென்ஷன் தொடர்வதற்கு உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்தர நேர்காணலை ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டி முடிக்க வழி இருக்கிறது, அதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். விற்காமல், வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ, ஒன்றிரண்டு மாதம் போய் இருந்து பாருங்கள், அதுவும் அந்த ஊரின் மோசமான மாதத்தில். சுற்றுலாத் தெருவை விட்டு உள்ளூர்க்காரர்கள் குடியிருக்கும் பகுதியில் தங்குங்கள். அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வரிசையில் நின்று பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த வருடமும் போங்கள். பேச்சிப்பாறை ஏலா வயலில் இருக்கும் 10 சென்ட் அப்போதும் உங்களுடையதாகவே இருக்கட்டும். போவதென்று முடிவானால் சொல்லுங்கள், வாடகை ஒப்பந்தத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து உங்கள் தம்பி