'வார்' ஏறும் முன் ஓடும் நிரல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லினக்ஸுக்கு மென்பொருள் எழுதும் வாசகர்களுக்காக இந்தக் கடிதம். கணினி பூட் ஆகும் முதல் நொடிகளிலேயே தேவைப்படும் கோப்புகளை, மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கான 'வார்' (/var) அடைவில் வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. எழுதுபவரின் மடிக்கணினியில் எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் (வட்டின் ஒரே பகுதியில்) இருப்பதால் பிழை தலைகாட்டாது. 'வார்' தனி பார்ட்டிஷனிலோ நெட்வொர்க் சேமிப்பிலோ உள்ள சர்வரில்தான் சிக்கல். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் விதி அழைக்கும் நிரலோ, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் இயல்பான சார்புகளை அணைத்துவிட்ட சேவையோ ஓடும்போது 'வார்' மவுண்ட் ஆகாமல், அதாவது தன் இடத்தில் இணைந்து ஏறாமல், இருக்கலாம். கோப்பைப் படிக்கப் போனால் இல்லை என்று வரும். எழுதப் போனால் இன்னும் மோசம்: அடிப்படை அமைப்பு இருக்கும் ரூட் பார்ட்டிஷனில், அதே பெயரில் உள்ள காலி அடைவில் எழுதிவிடும், பிறகு உண்மையான 'வார்' அதன்மேல் ஏறி அதை மறைத்துவிடும். இடம் போயிருக்கும், கோப்பு கண்ணில் படாது. பார்ட்டிஷனில் போன இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை ஒரு கணக்கும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை வேறு கணக்கும் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்காகத்தான் 2011இல் 'ரன்' அடைவு வந்தது. அதற்கு முன் இத்தகைய கோப்புகளைச் சாதனங்களுக்கான 'டெவ்' அடைவில் புள்ளியில் தொடங்கும் பெயர்களில் ஒளித்துவைத்தார்கள். 'ரன்' நினைவகத்தில் இருப்பதால் தொடக்கத்திலேயே எழுதலாம். ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் அது காலியாகவே தொடங்கும். மென்பொருளை நிறுவும்போது அங்கே அடைவு உருவாக்கினால் முதல் ரீபூட்டோடு அது போய்விடும், சேவையும் கிளம்பாது. சேவைக் கோப்பில் 'ரன்டைம்டைரக்டரி' என்ற வரியைச் சேர்த்தால் சிஸ்டம்டியே ஒவ்வொரு முறையும் அடைவை உருவாக்கித் தரும்.

மாறாத இயல்பு அமைப்புகள் 'யூஎஸ்ஆர்' அடியில் உள்ள 'லிப்' அடைவிலும், நிர்வாகி மாற்றுபவை 'இடிசி' அடைவிலும் இருக்கட்டும்.

ரூட் பார்ட்டிஷனே ஏறுவதற்கு முன் தேவைப்படுபவை, அதாவது சேமிப்பக டிரைவர், குறியாக்கத்தைத் திறக்கும் சாவிக்கோப்பு போன்றவை, பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்க வேண்டும். அங்கே இருப்பது நகல் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'இடிசி'யில் திருத்தியது அந்த நகலுக்குத் தானாகப் போகாது. டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ', ஃபெடோராவில் 'டிராகட் -எஃப்' கொடுத்த பிறகு, முறையே 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்', 'எல்எஸ்இனிட்ஆர்டி' கொண்டு கோப்பு உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சாவிக்கோப்பை உள்ளே வைத்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் இருக்கும் 'பூட்' பார்ட்டிஷனைக் குறியாக்கம் செய்யாமல் விட்டால், வட்டைக் கழற்றிச் செல்பவருக்குச் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

தரவு 'வார்' அடைவில்தான் இருந்தாக வேண்டும் என்றால் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரியில் அந்தப் பாதையைக் குறிப்பிடுங்கள். அது ஏறும்வரை சேவை காத்திருக்கும். ஸ்லீப் போட்டு ஐந்து நொடி நிறுத்திவைப்பது தீர்வே அல்ல. மெதுவான வட்டில் அந்த ஐந்து நொடி போதாது.

வெளியிடும் முன், 'வார்' தனி பார்ட்டிஷனில் உள்ள ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, இரண்டு முறை ரீபூட் செய்து, 'ஜர்னல்சிடிஎல் -பி' கட்டளை காட்டும் பூட் பதிவைப் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கணினி நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்