ஜெயிக்கும் முன்னே கை கொடுத்த சுங்கை சிப்புட்டுக்கு நன்றி

சுங்கை சிப்புட் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரில் இருந்து மலேசியாவுக்கு வந்த என் அண்ணன் பேத்தியும், அவளோடு வந்த ஹைதராபாத், அகமதாபாத் பிள்ளைகள் இருவரும் நம் ஊரில் தங்கி டென்னிஸ் பயிற்சி எடுத்துவிட்டுப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். பெரிய ராக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் ரொட்டி சானாய் கடைக்கு முன்னால் நடந்து போன அந்த மூன்று பேர்தான். வீடு வீடாக வந்து நன்றி சொல்ல என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்று சிலர் கேட்டீர்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். என் மூத்த அண்ணனும் அதில் ஒருவர். கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். அவருடைய பேத்திதான் இவள். தாய்லாந்தில் ஒரு போட்டி முடிந்து அடுத்த போட்டிக்கு இடையில் சில வாரம் இருந்தது. ஊருக்குப் போய் வந்தால் விமானச் செலவு, அங்கேயே இருந்தால் ஹோட்டல் செலவு. "அத்தைப் பாட்டி, உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று போனில் கேட்டாள். 2023 டிசம்பரில் இருந்து இந்தியக் கடவுச்சீட்டுக்கு இங்கே 30 நாள் விசா தேவையில்லை. தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை வந்து ஈ.டி.எஸ். ரயிலில் ஏறி நம் ஸ்டேஷனிலேயே மூவரும் இறங்கினார்கள்.

நன்றி சொல்வதற்கு முன்னால், நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் அக்கறையோடுதான் கேட்டார்: "ஜூனியர்ல அத்தனை கோப்பை வாங்கின பிள்ளை இப்ப ஏன் முதல் ரவுண்டுலயே தோக்குது?" நிறையப் பேர் மனதில் இருந்த கேள்வி அது.

ஜூனியர் போட்டிகள் 18 வயதோடு முடிந்துவிடும். அங்கே சேர்த்த புள்ளிகள் பெண்களுக்கான உலகத் தரவரிசையில் சேராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் முதல் மாணவியாக இருந்தவள், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய் மொழிக்காக ஒரு வருடம் கூடுதலாகப் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டி வந்ததை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்? அதுபோலத்தான். உலக ஜூனியர் வரிசையில் முதல் 100-க்குள் இருப்பவர்களுக்கு அடிமட்டத் தொழில்முறைப் போட்டிகளில் சில இடங்களை ஒதுக்கி வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் மூவரும் அந்த நூறுக்கு வெளியே. தகுதிச் சுற்றில் இருந்துதான் ஏறி வர வேண்டும்.

அந்த அடிமட்டத்துக்கு டபிள்யூ 15 என்று பெயர். 15 என்றால் 15,000 அமெரிக்க டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அது ஒற்றையர், இரட்டையர் என்று அத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுக்கிற மொத்தப் பணம். முதல் சுற்றில் தோற்றவளுக்கு வருவது அந்த வாரத்து அறை வாடகைக்கே காணாது. தகுதிச் சுற்றோடு போனால் கையில் ஒன்றுமில்லை. புள்ளிக் கணக்கும் அப்படியே கெடுபிடி. பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் 1 புள்ளி. பட்டத்தையே வென்றாலும் 15-தான். மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் 10 சேர்த்திருக்க வேண்டும். அப்போதுதான் டபிள்யூ.டி.ஏ. என்ற பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயரே வரும். எடுத்த புள்ளியும் 52 வாரம் ஆனதும் கணக்கில் இருந்து போய்விடும்.

எதிரே நிற்பவளும் மாறிவிடுகிறாள். நேற்று வரை தன் வயதுப் பெண்கள். இன்று ஐந்தாறு வருடம் இதே போட்டிகளில் அலைந்து உரமேறிய 26, 27 வயதுக்காரிகள். ஜூனியரில் கூடவே பயிற்சியாளர் வருவார், தோழிகள் கூட்டமாக இருப்பார்கள். இங்கே தனியாகப் போய், தனியாகத் தோற்று, அறைக்கு வந்து தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு 18 வயதுப் பெண் அந்த அறையில் உட்கார்ந்து என்ன நினைப்பாள்? திறமை இருந்தும் நிறையப் பிள்ளைகள் ராக்கெட்டை மூட்டை கட்டி வைப்பது இந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். அடி விழுவதும் இந்த நேரம், உதவி நின்றுபோவதும் இந்த நேரம். கோப்பை வாங்கியபோது மாலை போட்டவர்களே, "தரவரிசை வந்ததும் வாருங்கள்" என்று அண்ணன் மகனைத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் யாரும் தரவரிசை கேட்கவில்லை.

இவள் பிறந்த ஊருக்கு இதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன்தான் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில், 1968-க்குப் பிந்தைய ஓப்பன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். அதே ஊரின் மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பனில், 15 வயதில், தகுதிச் சுற்றில் இருந்து புறப்பட்டு அரையிறுதி வரை போனாள். சானியா மிர்ஸா 2003-இல் விம்பிள்டன் ஜூனியர் இரட்டையர் பட்டம் வென்றவர். 2005-இல் சொந்த ஊரான ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டமே எடுத்துவிட்டார். இந்தப் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் நம் பிள்ளைகள் மூவரும் இரவுச் சாப்பாட்டின்போது அதிகம் பேசியது அங்கிதா ரெய்னாவைப் பற்றித்தான். சின்னச் சின்னப் போட்டிகளில் வருடக் கணக்கில் ஆடி, முதல் 200-க்குள் அவர் நுழைந்தது 2018-இல், 25 வயதில். 2020-இல் 160-ஆவது இடம் வரை போனார். எல்லாருக்கும் 18 வயதில் கதவு திறக்காது என்பதற்கு எனக்கும் அந்தப் பெயர்தான் தெம்பு.

சரி, இப்போது நன்றிக்கு வருகிறேன்.

தோட்டத்துப் பழைய கிளப்பின் பின்னால் இருக்கும் சிமெண்டு கோர்ட்டைத் திறந்துவிட்ட மேனேஜருக்கு முதல் நன்றி. துரைமார் ஆடிய கோர்ட் அது. என் மாமா சிறுவயதில் அங்கே பந்து பொறுக்கிப் போட்டவர். கோட்டுக்கு உள்ளே கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. எங்கள் அண்ணன் பேத்தி அதே கோட்டில் நின்று செர்வீஸ் போட்ட முதல் காலையில் எனக்குப் பேச்சே வரவில்லை. கோர்ட் முழுக்கப் பாசி பிடித்திருந்தது, ஒரு பக்கம் செம்பனை ஓலை மக்கிக் கிடந்தது. ஒரே வார இறுதியில் அதைச் சுரண்டிக் கழுவி, வெடிப்பை அடைத்து, கோடு போட்டுக் கொடுத்த தாமான் குடியிருப்பு இளைஞர்களே, கூலி என்ற பேச்சையே நீங்கள் எடுக்க விடவில்லை. வலையின் நடுப்பகுதி மூன்றடி உயரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் டேப் வைத்து அளந்த தம்பியை அகமதாபாத் பிள்ளை இன்னும் விசாரிக்கிறாள்.

பாசார் பக்கத்து விளையாட்டுக் கடை முதலாளி தவுக்கேயின் கைவேலையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. வாழ்நாள் முழுக்கப் பேட்மிண்டன் ராக்கெட்டுக்கு 25, 27 பவுண்டு இழுவையில் நரம்பு கட்டியவர் அவர். இவள் 50 பவுண்டு என்றதும் ராக்கெட்டை வாங்கிக்கொள்ளவில்லை. பழைய உடைந்த ராக்கெட் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் கட்டிப் பார்த்தார். விரலால் தட்டிக் கேட்டார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். மனது ஒப்பிய பிறகுதான் பிள்ளைகளின் ராக்கெட்டில் கை வைத்தார். பாலியெஸ்டர் நரம்பு கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும்; இழுத்து இழுத்து அவர் ஆள்காட்டி விரல் கன்றிப் போயிருந்ததைப் பார்த்தேன். நரம்புக் காசு மட்டும் எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், மூவரில் ஒருத்தி சைவம் என்று தெரிந்ததும் புதுச் சட்டி வாங்கி, நெத்திலி போடாத சம்பலோடு நாசி லெமாக் கட்டிக் கொடுத்தார். ஒருநாள் அல்ல, அவர்கள் இருந்த நாள் முழுக்க. மாரியம்மன் கோவில் மடப்பள்ளியில் இருந்து தயிர்சாதம் வந்தது. ஓய்வுபெற்ற தோட்டத்து மருத்துவமனை நர்ஸ் மிஸ்ஸி, கால் கொப்புளங்களுக்கு டேப் ஒட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்து, தன் பெட்டியில் இருந்த டேப்பையும் கொடுத்தனுப்பினார். பள்ளி வேன் அண்ணன் விடியற்காலை டிரிப்புக்கு முன் இவர்களைக் கோர்ட்டில் விட்டார். எல்லோருக்கும் கும்பிடு.

ஈப்போவில் இருந்து வேலை முடிந்து வந்து அடித்துக் கொடுத்த முன்னாள் மாநில ஆட்டக்காரர்கள் இருவருக்கும் தனியாக நன்றி. வேகமான பந்தை வாங்கிப் பழகுவதற்குத்தான் இவர்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னேர மழை ஓயும்வரை கிளப் தாழ்வாரத்தில் காத்திருந்து, ஈரத்தை ரப்பர் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, வெளிச்சம் இருக்கும்வரை ஆடினார்கள். நனைந்த பந்து கனத்துவிடும். கனத்த பந்தை அடித்தடித்து என் பேத்தியின் பேக்ஹேண்டே மாறிப்போனது என்று ஈப்போ தம்பி சொன்னார்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பந்து பொறுக்க வந்தார்கள். ஒருநாள் அகமதாபாத் பிள்ளை காற்றுப்போன பந்து ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டினாள். உள்ளே வழவழவென்று ரப்பர் ஓடு. பக்கத்தில் நின்ற, நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய எங்கள் லயத்துப் பாட்டி அதை வாங்கி அமுக்கிப் பார்த்து, முகர்ந்து, "இதுக்கா போச்சு நம்ம பாலு" என்றார். டென்னிஸ் பந்து செய்யும் டன்லப் கம்பெனிக்கு மலாயாவில் சொந்தமாகவே ரப்பர் தோட்டங்கள் இருந்தன என்று சொன்னேன். பாட்டி அந்தப் பாதிப் பந்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அப்புறம் அந்தப் பட்டியல் இரவுகள். போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு பிரதானச் சுற்று, தகுதிச் சுற்று, காத்திருப்போர் என்று ஒரு பட்டியல் வரும். மேலே உள்ளவர்கள் விலக விலக, கீழே உள்ளவர்கள் ஏறுவார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் கூடி, "எத்தனை பேர் விலகினாங்க? இப்ப எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் மறக்க மாட்டேன். விலகல் கெடு முடிந்த இரவு, மூவருக்கும் தகுதிச் சுற்றில் இடம் உறுதியானது. எதிர்வீட்டுக்காரர் ஓடிப் போய் எல்லோருக்கும் மைலோ வாங்கி வந்தார். உலகத்தில் யாரும் கொண்டாடாத இடம் அது. நீங்கள் கொண்டாடினீர்கள். அன்று இரவு இவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "பாட்டி, ஜூனியர்ல ஃபைனல் ஜெயிச்சப்பக்கூட இவ்வளவு பேர் இல்ல" என்றாள்.

தாய்லாந்தில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஹைதராபாத் பிள்ளை தகுதிச் சுற்றைத் தாண்டி, பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்தாள். 1 புள்ளி. வாழ்க்கையின் முதல் புள்ளி. என் பேத்தியும் தகுதி பெற்றாள். முதல் சுற்றில் மூன்று செட் வரை இழுத்துத் தோற்றாள். அகமதாபாத் பிள்ளை தகுதிச் சுற்றோடு நின்று, 12-ஆம் வகுப்புத் தேர்வுக்கு ஊர் போய்விட்டாள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடப் போகிறாளாம். அதை யாரும் பின்வாங்கல் என்று எண்ண வேண்டாம். ருதுஜா போஸ்லே அமெரிக்காவில் கல்லூரி டென்னிஸ் ஆடிவிட்டு வந்தவர்தான். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோஹன் போபண்ணாவோடு கலப்பு இரட்டையர் தங்கம் வாங்கினார்.

பெயர் சொல்லக் கூடாது என்று உறையில் 500 வெள்ளி வைத்துக் கொடுத்தவருக்கு: அது மூவருடைய ரயில் டிக்கெட்டுக்கும், ஒரு சுருள் நரம்புக்கும் போனது. ரசீது என்னிடம் இருக்கிறது.

பிள்ளைகள் விட்டுப்போன ராக்கெட் ஒன்றும் இரண்டு வாளிப் பந்துகளும் தமிழ்ப்பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் இருக்கின்றன. மேனேஜர் ஐயா சனிக்கிழமை காலைகளில் கோர்ட்டைத் திறந்து வைக்கச் சம்மதித்துவிட்டார். சாவி வேன் அண்ணனிடம் இருக்கும். பெண் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் அவரிடம் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடுத்த போட்டியின் பட்டியல் வந்ததும் வழக்கம்போல எங்கள் திண்ணையில் பார்க்கலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்