என் மகளின் பல்லுக்காக ஓடித் திரிந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 12 வயது. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம், அதோடு வலிப்பும் இருக்கிறது. கதைக்கமாட்டாள், நடக்கமாட்டாள். ஆனால் ஆட்களை நன்றாகத் தெரியும். பிடித்த ஆள் படலையடியில் வந்தாலே சக்கர நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரிப்பாள். இந்த வருடம் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் அவளுக்கு முழு மயக்கம் கொடுத்துப் பல் வைத்தியம் செய்தார்கள். இப்போது சுகமாக இருக்கிறாள், இரவில் நித்திரை கொள்கிறாள். அதற்காக உழைத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பெயர்களைப் போடவில்லை. "என்ர பெயரை மட்டும் எழுதிப்போடாதேங்கோ அம்மா" என்று கிளிநொச்சிப் பல் வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் போடுவது சரியில்லை. யார் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் இருக்கும் மிஸ்ஸுக்கு. கதைக்காத பிள்ளைக்குப் பல்லுக்கொதி என்று யாருக்குத் தெரியும்? மகள் சோற்றைத் துப்பினாள், விடிய விடிய முனகினாள், வலது கன்னத்தில் தானே அடித்துக்கொண்டாள். வலிப்பும் அடிக்கடி வரத் தொடங்கியது. வலிப்புக் கூடினால் மருந்தின் அளவைப் பற்றித்தான் எல்லோரும் யோசிப்பார்கள், பல்லைப் பற்றி யார் யோசிப்பார்கள்! அவளின் தம்பிக்குப் பல் காட்டப் போன இடத்தில், வெளியே நாற்காலியில் இருந்த இவளைப் பார்த்துவிட்டு, "இவ ஏன் ஒரு பக்கத்தில மட்டும் அடிக்கிறா?" என்று கேட்டவர் அந்த மிஸ். கேட்டுவிட்டு உள்ளே போய்விடவில்லை. நிலத்தில் முழங்காலூன்றி இருந்து, கைபேசி வெளிச்சத்தில் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் முரசு (ஈறு) பொங்கி, சீழ்க் கொப்புளம் ஒன்று. ஆறு வயதில் முளைக்கிற கொடுப்புப் பல், நடுவில் கிணறாய்க் குழிந்து போயிருந்தது. நோவும் நித்திரைக் குறைவும் சேர்ந்தால் வலிப்பைக் கிளப்பிவிடும் என்று சொல்லி, அன்றே கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

இதற்கிடையில் ஓரிடத்தில் காசு கொடுத்துக் காட்டினோம். எங்கே என்று எழுதப்போவதில்லை. "இப்படியான பிள்ளைக்குப் பல் இருந்தென்ன, விட்டென்ன. எல்லாத்தையும் கழட்டிவிட்டால் பிரச்சினை முடிஞ்சுது" என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் கிளிநொச்சி. அந்தப் பல் வைத்தியர் முதல் நாள் பல்லையே தொடவில்லை. மகளுக்கு என்ன பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குப் பயம், ஓம் என்பதை எப்படிக் காட்டுவாள், கடைசியாக எப்போது வலிப்பு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறுமா, இதெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பல் கதிரையில் ஏற்றவில்லை. கழுத்துக்குப் பிடிமானம் இல்லாத பிள்ளையை அதில் மல்லாத்திப் படுத்தினால் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்று விளங்கப்படுத்தினார். சக்கர நாற்காலியைப் பின்னுக்குக் கொஞ்சம் சாய்த்து, தான் பின்னால் நின்று, மகளின் தலையைத் தன் கையணைப்பில் வைத்துக்கொண்டார். மரக் கரண்டியில் துணி சுற்றிக் கடிக்கக் கொடுத்துவிட்டு, சின்னக் கண்ணாடியை முதலில் அவளின் கையில் தொட்டார், பிறகு கன்னத்தில், பிறகு உதட்டில், கடைசியாகத்தான் வாய்க்குள். மகள் அழவில்லை. அவரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

முரசு ஏன் இவ்வளவு தடித்திருக்கிறது, பல் ஏன் இப்படிச் சூத்தை விழுந்தது என்பதும் அங்கேதான் விளங்கியது. முன்னர் சில வருடம் கொடுத்த பெனிற்றோயின் என்ற வலிப்பு மருந்து முரசை வளரச் செய்யுமாம். இப்போது கொடுக்கும் வல்புரோவேற் பாணி இனிப்பு. இரவில் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் படுக்க வைத்தால், அந்தச் சீனி விடியும் வரை பல்லில் ஒட்டியிருக்கும். நாக்கால் துழாவித் துப்பரவாக்க மகளால் ஏலாது. அந்த மருந்து சிலருக்கு, இரத்தம் உறைய உதவும் இரத்தச் சிறுதட்டுகளைக் குறைக்கும் என்பதால், பல் பிடுங்க முன் இரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். குழந்தைநல நிபுணருக்கு அவரே கடிதம் எழுதினார், தொலைபேசியிலும் கதைத்தார். ஒரு கிளினிக்குக்கும் மற்றக் கிளினிக்குக்கும் நடுவில் தாய்மார்தான் தபால்காரராக அலைவது. இந்த முறை எனக்கு அந்த வேலை இல்லை.

எல்லாப் பல்லையும் கழற்றுவது பற்றி நானே கேட்டேன். "சாப்பாடுதானே அம்மா அவவுக்கு உள்ள பெரிய சந்தோஷம். காப்பாற்றக்கூடியதை ஏன் கழட்ட?" என்றார். அவ்வளவுதான்.

காத்திருந்த வாங்கில் பார்த்ததையும் எழுத வேண்டும். இதய வால்வு மாற்றிய ஐயா ஒருவர், பல் பிடுங்கப் போகிறோமே என்று, இரத்தம் கட்டாமல் இருக்க எடுக்கும் வாபரின் மருந்தைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்திருந்தார். நல்ல பேச்சு வாங்கினார். நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டும், பல்லடியில் கசிவதைவிட அதுதான் ஆபத்து. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 4க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலே பிடுங்கி, தையல் போட்டு, அழுத்திப் பிடித்துச் சமாளிக்கலாமாம். செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்க ஒரு மணித்தியாலம் முன்னதாக அன்ரிபயோற்றிக் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வாயில் உள்ள கிருமி வால்வில் போய்க் குடியிருக்கும் என்றும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறுநீரக நோயாளி ஒருவருக்கு, டயாலிசிஸ் செய்த மறுநாள் வரும்படி திகதி கொடுத்தார்கள். டயாலிசிஸுக்குப் போடும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து அன்றைக்கு உடம்பில் நின்றால் இரத்தம் நிற்காதாம். என் மகளுக்கு மட்டும் கிடைத்த தனிக் கவனிப்பு இல்லை அது. அங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன வருத்தம், என்ன மருந்து என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். மயக்க மருந்து கொடுத்த வைத்தியர் தெற்கிலிருந்து வந்து வேலை செய்பவர். தமிழ் கொஞ்சம்தான். ஆனால் முக்கியமானதை மூன்று முறை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார். ஆறு மணித்தியாலத்துக்கு முதல் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் வரை கொடுக்கலாம், வெறும் வயிறென்று காலை வலிப்பு மருந்தை மட்டும் விடக் கூடாது. குழாயை மூக்கால் விட்டதால் பல் வைத்தியர்களுக்கு வாய் முழுவதும் வேலை செய்ய இடமிருந்தது. காப்பாற்ற ஏலாத பற்களைப் பிடுங்கி, மற்றச் சூத்தைகளை அடைத்து, கல் எடுத்து, புளோரைட் பூசி, எல்லாம் ஒரே மயக்கத்தில் முடித்தார்கள். தியேட்டர் வாசல் வரை என்னைக் கூட விட்டு, அவள் கண் சொருகும் வரை கையைப் பிடித்திருக்கச் சொன்ன தாதிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வாட்டில் இருந்த சிற்றூழியர் அண்ணாவையும் மறக்க மாட்டேன். "எப்படித் தூக்கினா பிள்ளைக்குச் சுகம்?" என்று கேட்டுத் தூக்கிய முதல் ஆள் அவர்தான். இடுப்பு விறைத்த பிள்ளையைக் கக்கத்தில் பிடித்து இழுக்கக் கூடாது என்று எத்தனை இடத்தில் சொல்லிக் களைத்திருக்கிறேன். மயக்கம் தெளிந்த பிறகு, ஊசி போட்ட விறைப்பில் தன் உதட்டையே கடித்துக் கிழித்துவிடுவாள் என்று எச்சரித்து, துணியை உருட்டிக் கடைவாயில் வைத்துக் காட்டியவர் ஒரு பயிற்சித் தாதி. பக்கத்துக் கட்டில் அம்மா எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்தா. அந்தத் தேத்தண்ணீருக்கும் நன்றி.

பயணம் தனிக் கதை. அரச வைத்தியசாலையில் வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனால் விசுவமடுவிலிருந்து பரந்தன் போய், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர வேண்டும், சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் யார் ஏற்றுவார்கள்? டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு இருட்டோடு வெளிக்கிட்ட வான் அண்ணாவுக்கும், கைமாற்றுத் தந்து இன்னும் திருப்பிக் கேட்காத எங்கள் மாதர் சங்கத்துக்கும் நன்றி.

வீட்டில் இப்போது பல் தீட்டுவது ஒரு சடங்கு மாதிரி. தூரிகைப் பிடியில் பழைய சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றித் தடிப்பாக்கியிருக்கிறோம், அவளும் சேர்ந்து பிடிப்பாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவளின் தலையை நெஞ்சில் சாய்த்து, ஒரு பழைய தூரிகையின் பிடியை ஒரு பக்கத்தில் கடிக்க விட்டு மறுபக்கத்தைத் தீட்டுவேன். பற்பசை ஒரு பயறளவு. துப்பத் தெரியாதபடியால் ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். இரவு மருந்து முதலில், பல் தீட்டுவது அதற்குப் பிறகு. தம்பிக்காரன் பக்கத்தில் நின்று பாட்டுப் பாட வேண்டும், இல்லாவிட்டால் வாய் திறக்கமாட்டாள். பாட்டையும் அவள்தான் தெரிவு செய்வாள், பிடிக்காததற்குப் பல்லை இறுக்கிக்கொள்வாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோரைட் பூசக் கிளிநொச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது தைப்பொங்கல் கழிய. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இப்படியான பிள்ளையோ, வீட்டில் படுக்கையில் உள்ள ஆளோ இருந்தால், கிளினிக் கொப்பியையும் இப்போது பாவிக்கிற மருந்துகளையும் எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள். வானில் இன்னொரு சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிறது, அண்ணாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்,
விசுவமடு.