மூன்று வரிக்குப் பதினோரு நாள்

அன்புள்ள மக்களே,

உனக்கு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதாக அக்கா போனில் சொன்னபோது நான் பாறசாலை தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரவு நீயே கூப்பிட்டு, "சித்தி, அங்கே எனக்குப் பேச வருமா?" என்று கேட்டாய். வேலை வருமா என்று நீ கேட்கவில்லை. போனில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். 1956 நவம்பர் 1-ல் நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் கேரள எல்லையில், களியக்காவிளையில் இருக்கிற செக்போஸ்ட் நம் நாக்கில் கிடையாது. திருவனந்தபுரத்தில் நாம் பாண்டி, சென்னைக்குப் போனால் மலையாளி. திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் மீட்டிங்கில் நான் வாயே திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

பெரிய கம்பெனியில் பாதி வேலை எழுத்து. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் செய்த முதல் மாற்றம் மூன்று வரி. ஒரு திரையில் தேதி தவறாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் திருத்திவிட்டேன். அது மக்களைச் சென்றடையப் பதினோரு நாள் ஆனது. வெளியே போகும் முன் அதை ரிவியூ செய்த, அதாவது சரிபார்த்த, இரண்டு பேரில் ஒருவர் வேறு நாட்டில். நான் கேள்வி கேட்டால் அவருக்கு நடுராத்திரி. பதினான்கு கமென்ட் வந்தது. இந்தப் பெயர் ஏன், இதற்கு டெஸ்ட் எங்கே, தேதி காலியாக வந்தால் என்ன ஆகும்? என்னைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று நினைத்து அழுதேன். தேதி காலியாக வந்தால் திரையே நின்றுபோகும் என்பதை அந்தக் கேள்வியால்தான் கண்டுபிடித்தேன்.

அப்புறமும் எல்லோருக்கும் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் நூறில் ஒருவருக்கு, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பத்துப் பேருக்கு, பிறகு மிச்சம். இவ்வளவு இழுக்க வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது. தாத்தா ரப்பர் வெட்டி நீ பார்த்ததில்லை. கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் தடியில் பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. அதனால் புது ஆள் வந்தால் ஓரத்தில் நிற்கிற ஒரு மரத்தைத்தான் முதலில் காட்டுவார். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா, விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய பழுதான ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிய நாள் அது. அன்றைக்கு எனக்கு அந்த ஓரத்து மரம்தான் ஞாபகம் வந்தது.

ஆன்-கால் பற்றியும் கேட்டாய். சர்வீஸ் நின்றால் உடனே எழுந்து சரிசெய்வதற்காக, முறை வைத்து ஒரு வாரம் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டும். 99.99 சதவீதம் ஓடும் என்று வாக்குக் கொடுத்த சர்வீஸ் மாதத்துக்கு நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கலாம். ஒரு ஜூன் மாத இரவு, குழித்துறை வீட்டில், தகரக் கூரையில் மழை அடிக்கும்போது ரெண்டு மணிக்கு அலாரம் வந்தது. கை நடுங்கியது. ரன்புக்கைத் திறந்தேன். இன்ன கோளாறு வந்தால் இன்னது செய் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கும் பக்கம் அது. மூன்றாவது படியில் யாரோ எழுதியிருந்தார்: "இங்கே பிழை எண்ணிக்கை இரண்டு நிமிடம் ஏறும். பயப்பட வேண்டாம், தானாக இறங்கும்." ஏறியது. இறங்கியது. எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. முகம்கூட எனக்குத் தெரியாது. அவருடைய உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் யார் நினைப்பார்கள்?

கேள்வியையும் எழுதிக் கேள். முதல் மாதம் "பில்ட் ஓடவில்லை, உதவ முடியுமா" என்று குழுவில் போட்டேன். எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுவதுதான் பில்ட். இரண்டு நாள் பதில் இல்லை. நான் கொடுத்த கமாண்ட் இது, வந்த பிழை இது, இந்த இரண்டு வழியும் முயன்றேன் என்று மாற்றி எழுதினேன். பத்து நிமிடத்தில் மூன்று பேர் வந்தார்கள். யாருக்கும் கல்நெஞ்சு இல்லை மக்களே. எங்கே தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கசப்பையும் மறைக்க மாட்டேன். முன்பு இருந்த ஒரு கம்பெனியில் எட்டு மாதம் நான் கட்டிய ஒன்றை, மேலே ஆட்கள் மாறியதும் ஒரே மெயிலில் மூடிவிட்டார்கள். அந்த வருட ரேட்டிங்கில் இம்பாக்ட், அதாவது என் வேலையால் வந்த பலன், போதவில்லை என்று எழுதினார்கள். இன்றும் வலிக்கிறது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் வேலையை விட்டு நீக்குவதாக அறிவித்தன. அவர்களில் நன்றாக வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அதனால் ஆறு மாதச் சம்பளம் கையில் சேரும்வரை வீட்டுக் கடன் பேச்சை எடுக்காதே. அக்காவிடம் நானே சொல்கிறேன்.

பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு வீட்டுக்கு வா. முதல் வாரம் என்னென்ன கேட்கப் போகிறாய் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா, தமிழிலேயே. ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வைக்கிறேன்.

உன் சித்தி