‘நாட் ஜங்க்’ என்று எத்தனை முறைதான் அழுத்துவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நல்ல மெயில் ஸ்பேமுக்குப் போனால் ‘நாட் ஜங்க்’ என்று நாலைந்து முறை அழுத்துங்கள், மென்பொருள் தானே கற்றுக்கொள்ளும் என்று போன வாரம் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நான் இரண்டு மாதம் அழுத்தினேன். அது கற்றுக்கொள்ளவில்லை.

வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவன் நான். மெயில் பார்ப்பது கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் தண்டர்பேர்டு என்ற மென்பொருளில். ஒரு அச்சகத்திலிருந்து வரும் ப்ரூஃப் மட்டும் நேராக ஜங்க் ஃபோல்டரில் போய் விழும். காலண்டர் சீசனில் ஒரு ப்ரூஃபை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன், அதற்குள் அங்கே அச்சடிக்கப் பிளேட்டே போட்டுவிட்டார்கள். ஆனால் தண்டர்பேர்டை மூடிவிட்டு பிரவுசரில் பார்த்தால் அதே அச்சகத்து மெயில் இன்பாக்ஸில் சமத்தாக உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் தள்ளிவிடுவது என் மெயில் நிறுவனம் இல்லை, என் கம்ப்யூட்டர்தான்.

மெயிலைத் திறந்து கன்ட்ரோலும் யு-வும் அழுத்தினால் மெயிலின் மூலவடிவம், தலைப்பு வரிகளோடு வரும். அதில் ‘எக்ஸ்-ஸ்பேம்-ஃப்ளாக்: யெஸ்’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே மதிப்பெண் 5.3, வரம்பு 5.0; வரம்பைத் தாண்டினால் ஸ்பேம். இது ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி போடும் முத்திரை. இந்தத் தலைப்பு வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் மெயில் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்லும் தன் ‘ரிசீவ்டு’ வரியை மேலே மேலே ஒட்டிக்கொண்டே வரும். முத்திரை இருந்தது என் மெயில் நிறுவனத்தின் ‘ரிசீவ்டு’ வரிக்குக் கீழே. அதாவது மெயில் இங்கே வந்து சேரும் முன்பே, அச்சகத்தின் சர்வரே தன் மெயிலைத் தானே ஸ்பேம் என்று குத்தி அனுப்பியிருக்கிறது! என் நிறுவனத்தில் வேறு வடிகட்டி. அது மெயிலைப் பாஸ் செய்துவிட்டது, பழைய முத்திரையைத் தொடவில்லை.

சரி, தண்டர்பேர்டுக்கு என்ன வந்தது? கணக்கு அமைப்பில் ஜங்க் பகுதியில், ஸ்பேம்அசாசின் போட்ட தலைப்பை நம்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. எப்போதோ நானேதான் டிக் போட்டிருக்கிறேன். அந்த வரியைப் போட்டது யார், நம் சர்வரா வழியில் வேறு எவரோவா என்று அது பார்ப்பதில்லை. ‘யெஸ்’ என்றால் யெஸ்தான், நீங்கள் எத்தனை பாடம் நடத்தினாலும்.

அந்த 5.3 எப்படி வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். அதில் 2.8, ‘வேண்டாத மொழி’ என்ற விதிக்காக. அச்சகத்துக்கு சர்வர் அமைத்துக் கொடுத்தவர், ஏற்கும் மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தை மட்டும் எழுதியிருக்கிறார். தமிழில் அச்சடிக்கிற இடத்தில் தமிழ் வேண்டாத மொழி! வடிகட்டிகளும் சறுக்கும்தான், 2010 ஜனவரி 1 பிறந்தபோது இதே ஸ்பேம்அசாசினின் ஒரு விதி, 2010 என்று தேதி போட்ட மெயில் ஏதோ வெகுதூர எதிர்காலத்திலிருந்து வந்ததாக எண்ணி மூன்று புள்ளிக்கு மேல் ஏற்றிவிட்டது.

அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது, அழுத்தச் சொல்வதற்கு முன் அந்தத் தலைப்பு வரிகளை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நான் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். அப்புறம் அச்சகத்துக்கும் போன் போட்டேன், அவர்கள் பட்டியலில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியைச் சேர்த்தார்கள். மறுநாள் ப்ரூஃப் 2.5 மதிப்பெண்ணோடு இன்பாக்ஸில் வந்து இறங்கியது.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்,
விருதுநகர்.