நுரையில் மணலும் ஏறுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

தாமிரத் தாது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாதுவை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கி, பைன் எண்ணெயும், தாதுத் துகளைக் குமிழியில் ஒட்டவைக்கும் சாந்தேட் என்ற வேதிப்பொருளும் சேர்த்து, காற்றை ஊதினால் தாமிரம் நுரையோடு மேலே வந்துவிடும், மணல் அடியில் தங்கிவிடும் என்று போட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்திலும் ஏறக்குறைய இதேதான். தப்பில்லை, ஆனால் பாதிக் கதை. மணலும் மேலே வருகிறது சார்.

குமிழியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, குமிழிகளுக்கு இடையே மாட்டிய தண்ணீரோடு வருகிறது. 50 மைக்ரானுக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) கீழே அரைபட்ட பொடி தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகும். ஆக, தொட்டி விளிம்பைத் தாண்டுவதற்குள் நுரையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வடிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் நுரையோடு கிடைக்கும் தாமிரச் சரக்கின் சுத்தம்.

சோப்பு நுரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மும்மூன்று சவ்வுகள் 120 டிகிரியில் கூடும் இடமெல்லாம் ஒரு மெல்லிய வாய்க்கால் ஓடும். பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ (கிரேக்கத் தத்துவஞானி அல்ல) இதை 1873-இல் புத்தகமாகவே எழுதினார், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது! வடிகிற தண்ணீர் பெரும்பாலும் இந்த வாய்க்கால்களில்தான் ஓடுகிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கும், பாகுத்தன்மை தடுக்கும், தந்துகி விசை தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு உறிஞ்சும். இந்த மூன்றையும் சேர்த்ததுதான் நுரை வடிதல் சமன்பாடு. வாய்க்கால் அகலமாக இருந்தால் ஓட்டமும் வேகம், அதனால் ஈர நுரை முதலில் மளமளவென்று வடியும், அப்புறம் சொட்டுச் சொட்டாகத்தான்.

ஆலைத் தொட்டியில் சிக்கல் என்னவென்றால், நுரை நிற்பதில்லை, ஏறிக்கொண்டே, உடைந்துகொண்டே, வழிந்துகொண்டே இருக்கும். இதையும் கணக்கில் எடுத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீத்லிங்கும் சில்லியர்ஸும் எளிய சூத்திரம் ஒன்று தந்திருக்கிறார்கள். ஊதிய காற்றில் பாதிக்கு மேல் உடையாமல் விளிம்பைத் தாண்டினால், கூடவே போகும் தண்ணீர் காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். குமிழி அளவு மாறாமல் காற்றை இரட்டிப்பாக்கினால் தண்ணீர் நான்கு மடங்கு! ஷிஃப்டில் டன் கணக்கு காட்ட வேண்டும் என்று வால்வைத் திறந்துவிட்டால், கறுத்துக் கெட்டியாக வழிய வேண்டிய நுரை சாம்பல் நிறத்தில் தளதளவென்று ஓடும். சரக்கு நிறையத்தான் சேரும், ஆய்வகத்தில் தாமிரச் சதவீதம் இறங்கியிருக்கும்.

சரி, காற்றைக் குறைத்துக் குறைத்துக்கொண்டே போகலாமா? கூடாது. ரொம்பக் குறைத்தால் தாதுவின் பாரம் தாங்காமல் குமிழிகள் விளிம்புக்கு வருமுன்னே உடைந்து, ஒட்டியிருந்த தாமிரமும் திரும்பத் தொட்டிக்குள் விழும். மிதப்புத் தூண்கள் எனப்படும் உயரமான தொட்டிகளில் நுரையின் தலைமேல் நல்ல தண்ணீரைத் தெளிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான், அது வாய்க்கால்கள் வழியே இறங்கி மணல் கலந்த தண்ணீரைக் கீழே தள்ளிவிடும்.

பாடநூல் குழுவினர் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். நீங்களும் அடுத்த கட்டுரையில் குமிழியின் படத்தோடு அந்த வாய்க்காலையும் வரைந்து போடுங்கள்.

இப்படிக்கு,
தாது ஆலையில் வேலை பார்த்த ஒரு வாசகர்